பற்றரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்: பழைய காரில் சார்ஜ் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மே மாதத்து மழைப் பின்னேரம் ஒன்று. வெள்ளவத்தையில் காலி வீதி அசையாமல் நின்றது. லைட், வைப்பர், ஏசி மூன்றும் போட்டிருந்தேன். முதலில் வைப்பர் இழுத்து இழுத்து ஓடத் தொடங்கியது. அப்புறம் டாஷ்போர்ட் வெளிச்சம் மங்கியது, ரேடியோ நின்றது, கொஞ்ச நேரத்தில் எஞ்சினும் நின்றுவிட்டது. முன்பின் தெரியாத இரண்டு பேர் நனைந்தபடியே வந்து காரை ஒழுங்கைக்குள் தள்ளிவிட்டார்கள்.

அடுத்த நாளே புதுப் பற்றரி வாங்கிப் போட்டேன். மூன்று கிழமையில் அதுவும் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டனேற்றரை மாற்றச் சொன்னார்கள். நல்ல காலம், மாற்றவில்லை. பழுது ஒரு முழ நீளம்கூட இல்லாத, எஞ்சினையும் காரின் பாடியையும் இணைக்கும் எர்த் வயர் ஒன்றில் இருந்தது.

அந்த ஒரு மாதத்தில் கற்றதை, பழைய காரைப் புதிதாகக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக் கார்களுக்கு மறுபடி அனுமதி வந்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்குள் கொழும்பில் எத்தனையோ பேர் இருபது, முப்பது வயதுக் கார்களை வாங்கிவிட்டார்கள், அல்லது அப்பாவின் காரையே திருத்தி ஓட்டப் பழகிவிட்டார்கள். அந்த வயதுக் காருக்குச் சார்ஜ் பிரச்சினை ஒருநாள் வரத்தான் செய்யும். வரும்போது என் ஒரே வேண்டுகோள் இதுதான்: காசு கொடுத்து எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றரும் அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது

பற்றரியின் முக்கிய வேலை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவது. எஞ்சின் ஓடத் தொடங்கியபிறகு லைட், வைப்பர், விசிறி, பெட்ரோல் பம்ப் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது ஆல்டனேற்றர். மிஞ்சியது பற்றரிக்குப் போகும்.

ஆல்டனேற்றரை எஞ்சின் ஒரு பெல்ற்றால் சுழற்றுகிறது. உள்ளே சுழலும் சுருளுக்கு இரண்டு சின்னக் கரித்துண்டுகள் வழியாகக் கரண்ட் போகிறது. கார்பன் பிரஷ் என்பது அதுதான். சுருள் காந்தமாகிச் சுழலும்போது வெளிச்சுருள்களில் ஆடலோட்டம் உண்டாகிறது. டயோட்கள் அதை நேரோட்டமாக மாற்றுகின்றன. எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் 14 வோல்ற் பக்கமாகப் பிடித்து வைத்திருப்பது ரெகுலேற்றரின் வேலை. எண்பதுகளுக்குப் பிந்திய ஜப்பான் கார்களில் ரெகுலேற்றர் பெரும்பாலும் ஆல்டனேற்றருக்கு உள்ளேயே இருக்கும்.

ஆகவே பழுது இருக்கக்கூடிய இடங்கள் நாலு: பற்றரி, பெல்ற், ஆல்டனேற்றர், இவற்றை இணைக்கும் வயர்களும் முனைகளும். இவற்றோடு, கார் நிற்கும்போது பற்றரியைக் குடிக்கும் ஏதாவது ஒன்றும் இருக்கலாம். சோதிக்கும்போது செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கை வைக்கும் முன்

மோதிரம், கைக்கடிகாரம், காப்பு, தொங்கும் சங்கிலி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பற்றரியின் பொசிடிவ் முனைக்கும் காரின் உலோகத்துக்கும் இடையில் ஒரு மோதிரம் மாட்டிக்கொண்டால் அது கண நேரத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். எஞ்சின் ஓடும்போது சால்வை, துப்பட்டா, விரித்த தலைமுடி பெல்ற் பக்கம் போகக் கூடாது. பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும். பக்கத்தில் சிகரெட், நெருப்பு வேண்டாம்.

பற்றரியைக் கழற்றும்போது முதலில் நெகடிவ், பிறகு பொசிடிவ். பூட்டும்போது நெகடிவ் கடைசி.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி முனையைக் கழற்றி, "எஞ்சின் நிற்கவில்லை, அப்படியென்றால் ஆல்டனேற்றர் நல்லது" என்று சொல்லும் பழக்கம் சில கராஜ்களில் இன்னும் உண்டு. அதை யாருக்கும் செய்ய விடாதீர்கள். பற்றரி சட்டென்று விலகும்போது வோல்ற் ஒரு கணம் பல மடங்கு எகிறும். ரெகுலேற்றரும் டயோட்டும் போகலாம். பெட்ரோல் இன்ஜெக்ஷன் காராக இருந்தால் எஞ்சின் கம்பியூட்டரும் போகலாம். பழுதில்லாத காரைப் பழுதாக்கும் சோதனை அது.

முதலில் கண்ணாலும் கையாலும்

எஞ்சின் நிற்கும்போது பொனட்டைத் திறந்து டோர்ச் லைட் அடித்துப் பெல்ற்றைப் பாருங்கள். உட்பக்கம் வெடித்திருக்கிறதா, ஓரம் நூல் பிரிந்திருக்கிறதா, ஓடும் பக்கம் கண்ணாடி போல மினுங்குகிறதா? பெல்ற் ஓடும் இரண்டு சக்கரங்களுக்கும் (புல்லி) நடுவில் பெருவிரலால் பலமாக அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு உள்ளே போவது பல கார்களுக்குச் சரியான இறுக்கம். அதைவிட நிறையப் போனால் பெல்ற் தளர்வு. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும், அல்லது மழையில் லைட்டைப் போட்டதும் "கீஈஈ" என்று ஒரு சத்தம் வந்து மறைகிறதென்றால் பெல்ற் வழுக்குகிறது. ரொம்ப இறுக்கினாலும் ஆபத்து: ஆல்டனேற்றரின் பெயாரிங் சீக்கிரம் தேயும்.

அடுத்தது பற்றரி முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் பூத்திருந்தால் அதுவே முழுப் பிரச்சினையாகவும் இருக்கலாம். பெரும்பாலான ஜப்பான் கார்களில் பத்தாம் நம்பர் ஸ்பனர் போதும். கழற்றி, வீட்டில் அப்பச்சோடா இருந்தால் ஒரு மேசைக்கரண்டியைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து நுரைத்துத் தூள் கரைந்து போகும். அந்தத் தண்ணீர் பற்றரியின் மூடித் துளைக்குள் போகக் கூடாது. பிறகு கம்பி பிரஷால் முனையையும் வளையத்தின் உட்புறத்தையும் ஈயம் மினுங்கும்வரை தேய்த்துப் பூட்டுங்கள். பூட்டியபின் கையால் முறுக்கிப் பார்த்தால் அசையக் கூடாது. மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசலாம். மரைன் டிரைவ் பக்கம், கடற்கரையை ஒட்டிக் கார் நிறுத்துபவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. அங்கே உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை.

பற்றரியைத் தனியாக அளத்தல்

மல்டிமீற்றரை நேரோட்டம் 20 வோல்ற்றில் வையுங்கள். சிவப்பு வயர் வோல்ற் துளையில்தான் இருக்க வேண்டும், 10 அம்பியர் துளையில் அல்ல. அம்பியர் துளையில் குத்திக்கொண்டு பற்றரியைத் தொட்டால் மீற்றரின் பியூஸ் போகும், அதோடு மீற்றரும் போகலாம்.

கார் ஓடி நின்ற உடனே அளந்தால் ஏமாற்றும். இரவு முழுக்க நின்ற கார், காலையில் திறப்புப் போடும் முன் அளப்பதுதான் சரி. அவசரமென்றால் பெரிய லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கலாம்.

12.6 அல்லது அதற்கு மேல் என்றால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் அரைவாசி. 12.0 என்றால் கால்வாசி. 11.8 பக்கம் என்றால் காலி. இலக்கங்கள் நெருக்கமாக இருப்பதால் "12 காட்டுகிறதுதானே, நல்லது" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 12.0 நல்லதே இல்லை.

பிறகு மீற்றரைப் பிடித்துக்கொண்டு வேறொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்தச் சில நொடிகளில் வோல்ற் இறங்கும். 10க்குக் கீழே போகாவிட்டால் நல்லது. 9.6க்கும் கீழே விழுந்தால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது கெட்டிருக்கிறது. எது என்று அறிய முதலில் முழுதாகச் சார்ஜ் பண்ண வேண்டும். பற்றரிக் கடைகளில் இரவு முழுக்கச் சார்ஜுக்கு வைக்கலாம். வீட்டில் சார்ஜர் இருந்தால், பற்றரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அம்பியர் பாதுகாப்பானது: 40 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 4 அம்பியர். முழுதாகச் சார்ஜ் ஏறியபிறகும் ஸ்டார்ட் எடுக்கும்போது விழுந்தால் பற்றரியின் காலம் முடிந்துவிட்டது.

தண்ணீர் விடும் வகைப் பற்றரியானால், உள்ளே இருக்கும் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றர் இன்னும் தெளிவாகச் சொல்லும். முழுச் சார்ஜில் ஒவ்வொரு அறையும் 1.26 முதல் 1.28 வரை காட்ட வேண்டும். ஐந்து அறை 1.26 காட்ட, ஒன்று மட்டும் 1.15 காட்டினால் அந்த அறை செத்துவிட்டது, பற்றரியும்தான். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் விடுங்கள். குழாய்த் தண்ணீரும் அசிட்டும் கூடாது.

கொழும்பு வெயிலில் பற்றரி சீக்கிரம் கிழடாகும். நிறுத்தியே வைத்திருந்தாலும் கெடும்; இறங்கிய நிலையில் கிழமைக் கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேற் கட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. 2022இல் பெட்ரோல் வரிசைக் காலத்தில் அசையாமல் நின்ற கார்களின் பற்றரிகள் பல இப்படித்தான் போயின.

சிவப்புப் பற்றரி லைட் சொல்வது

மீற்றர் இல்லாமலே நிறையத் தெரிந்துகொள்ளக்கூடிய இடம் இது. இதைக் கவனித்துப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திறப்பைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் வைத்தால் டாஷ்போர்ட்டில் பற்றரிப் படம் எரிய வேண்டும். அந்தச் சின்ன பல்பின் ஒரு பக்கம் திறப்பு வழியாகப் பற்றரிக்கும் மறுபக்கம் ஆல்டனேற்றரில் எல் (L) என்று குறித்த முனைக்கும் போகிறது. எஞ்சின் நிற்கும்போது எல் முனையில் வோல்ற் ஏறக்குறைய இல்லை; ஆகவே கரண்ட் பல்பு வழியாக ஓடி அது எரிகிறது. எஞ்சின் ஓடி ஆல்டனேற்றர் சார்ஜ் தரத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் ஒரே வோல்ற் ஆகிவிடும். கரண்ட் ஓட இடமில்லை, பல்பு அணைகிறது.

இது விளங்கினால் மற்றவை தானாக விளங்கும். திறப்புப் போட்டதும் பல்பு எரியவே இல்லையா? பல்பு போயிருக்கலாம், எல் வயர் கழன்றிருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், பிரஷ் தேய்ந்து தொடாமல் இருக்கலாம். பல பழைய கார்களில் ஆல்டனேற்றர் உயிர்பெறுவதற்கான முதல் கரண்டே அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜும் வராது. ஒரு சின்ன பல்புக்காக ஆல்டனேற்றரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

எஞ்சின் ஓடும்போது பளிச்சென்று எரிந்தால் சார்ஜ் வரவில்லை. மங்கலாக, இருட்டில் மட்டும் தெரியும்படி எரிந்தால் டயோட் ஒன்றில் பழுது இருக்கலாம், அல்லது எங்கோ ஒரு இணைப்பில் வோல்ற் வீணாகிறது. பல ஜப்பான் கார்களில் ஹேண்ட்பிரேக் லைட்டும் பற்றரி லைட்டும் சேர்ந்து மங்கலாக எரிவதும் ஆல்டனேற்றரின் உள்பழுதுக்கு அடையாளம். அக்சிலேட்டரை ஒருமுறை மிதித்தபிறகுதான் அணைகிறதென்றால் பிரஷும் எல் வயரும் சந்தேகத்துக்குரியவை.

லைட் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைகிறது என்பதால் எல்லாம் சரி என்று முடிவு செய்ய வேண்டாம். என் காரில் அந்த லைட் ஒருநாளும் தப்பாக எரியவில்லை.

எஞ்சின் ஓடும்போது

எஞ்சினைச் சூடாக்கி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பற்றரி முனைகளில் அளவுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் 13.6 பக்கம் இறங்குவதும் சாதாரணம், சூட்டில் ரெகுலேற்றர் தானே கொஞ்சம் குறைக்கும். 13.2க்குக் கீழே என்றால் சார்ஜ் போதாது. 12.5 போல, நிற்கும்போது இருந்த அளவே இருந்தால் சார்ஜ் வரவே இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் போய்விட்டது. பற்றரி கொதித்துத் தண்ணீர் வற்றும், அழுகிய முட்டை போல மணம் வரும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அப்படியானால் திருத்தும்வரை ஓட்ட வேண்டாம்.

இனி சுமை ஏற்றுங்கள். பெரிய லைட், ஏசி விசிறி முழு வேகம், பின்கண்ணாடிச் சூடாக்கி எல்லாம் போட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றில் வையுங்கள். அப்போதும் 13.5க்கு மேல் நின்றால் ஆல்டனேற்றர் நல்லது. சுற்றைக் கூட்டியும் 12.8, 12.6 என்று கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ பழுது.

சுற்றைக் கூட்டாமல், ஐடிலில் மட்டும் குறைகிறதா? அது பழுதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பழைய ஜப்பான் கார்களின் ஆல்டனேற்றர் பெரும்பாலும் 50 முதல் 70 அம்பியர் தருவது, அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. ஐடிலில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். 55 வாற் பெரிய லைட் இரண்டு மட்டுமே 9 அம்பியர் எடுக்கும். காற்று விசிறி முழு வேகத்தில் 15 அம்பியர் வரை, ஏசியின் கண்டென்சர் விசிறி 10 வரை, அதற்கு மேல் வைப்பர். மழை நாளில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ஊர்ந்து போகும்போது வரவைவிடச் செலவு கூடிவிடும், அந்தக் குறையைப் பற்றரிதான் நிரப்பும். முன்பு வைத்திருந்தவர் யாரோ அதிக வாற் பல்பும் பெரிய ஆம்பிளிபயரும் பூட்டிய காரானால் நிலைமை இன்னும் மோசம். அப்படியான பின்னேரங்களில் காற்று விசிறியை ஒரு படி குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

வயரில் தொலையும் வோல்ற்

என்னைக் காப்பாற்றிய சோதனை இது. ஆல்டனேற்றர் சரியாக உண்டாக்கினாலும், பற்றரிக்குப் போகும் வழியில் அது தொலைந்துபோகலாம். முழுச் சுமை போட்டு, சுற்றை 2000 பக்கம் வைத்து, இரண்டு இடங்களில் அளக்க வேண்டும்.

முதலில் பொசிடிவ் பக்கம். மீற்றரின் ஒரு முனை ஆல்டனேற்றரின் பின்னாலிருக்கும் தடித்த வயர் பூட்டிய போல்ட்டில், மற்றது பற்றரியின் பொசிடிவ் முனையில். 0.3 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். அந்த போல்ட் எப்போதும் பற்றரியோடு நேராக இணைந்திருப்பது. மீற்றர் முனை அதையும் எஞ்சின் உலோகத்தையும் ஒருசேரத் தொட்டால் பொறி பறக்கும். கவனம். இங்கே அதிகம் காட்டினால் அந்த வயரின் முனைகள், பெரிய பியூஸ், அல்லது பியூசிபிள் லிங்க் எனப்படும் பியூஸ் வயரைப் பாருங்கள். பியூஸ் வயரை மெல்ல இழுத்துப் பார்க்கும்போது ரப்பர் போல நீண்டால் உள்ளே உருகிவிட்டது.

அடுத்தது எர்த் பக்கம். ஒரு முனை ஆல்டனேற்றரின் உடம்பில், மற்றது பற்றரியின் நெகடிவ் முனையில். 0.2க்குள் இருக்க வேண்டும்.

என் 1994 கொரொல்லாவில் பற்றரி முனைகளில் 13.0தான் வந்தது. ஆல்டனேற்றரின் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையில் அளந்தபோது 14.1. பொசிடிவ் பக்கம் 0.1, எர்த் பக்கம் 1.0. ஒரு வோல்ற் முழுவதும் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் தொலைந்துகொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் சோர்ந்து சுற்றியதும் அதனால்தான். எல்லாரும் பற்றரி என்று நினைத்ததும் அதனால்தான். இரண்டையும் இணைக்கும் எர்த் வயரைக் கழற்றி மேசையில் வைத்தேன். வெளியுறை கறுப்பாக, புதிது மாதிரி. முனை வளையத்திலும் கறள் இல்லை. வளையத்துக்குப் பக்கத்தில் விரலால் அமுக்கியபோது மட்டும் மணல் பை போல நொறுநொறுத்தது. பிளேடால் உறையைக் கீறித் திறந்தேன். பச்சைத் தூள் மேசையில் கொட்டியது. செம்பு இழைகளில் எஞ்சியவை ஒரு பத்துப் பன்னிரண்டு, அவையும் கறுத்துப்போய். அளவெடுத்துப் புது வயர் ஒன்று செய்து, பாடியில் பூட்டும் இடத்திலிருந்த பெயின்ரையும் கறளையும் சுரண்டிவிட்டுப் பூட்டியதும், பற்றரியில் 13.9 வந்தது.

ஆல்டனேற்றருக்கு உள்ளே

மேலே சொன்ன எல்லாம் சரி, ஆனால் அதன் போல்ட்டிலேயே 14 வரவில்லை என்றால்தான் ஆல்டனேற்றரைச் சந்தேகிக்க வேண்டும்.

டயோட்டை அறிய மீற்றரை ஆடலோட்ட வோல்ற்றுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் அளவுங்கள். 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் டயோட் ஒன்று போயிருக்கிறது. சில மலிவு மீற்றர்கள் இந்த அளவில் பொருந்தாத இலக்கம் காட்டும். வயரை மாற்றிப் பிடித்தும் பாருங்கள். ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தமும் இதற்கு அடையாளம். இரவில் நின்ற கார், காலையில் ஆல்டனேற்றரைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தால் டயோட் வழியாகப் பற்றரி வடிந்துகொண்டிருக்கிறது.

பிரஷ் தேய்ந்ததா என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. சார்ஜ் வராத நேரத்தில், எஞ்சின் ஓடும்போது சுத்தியலின் மரப்பிடி போன்ற ஒன்றால் ஆல்டனேற்றரின் பின்புறத்தை மெல்லத் தட்டுவது, பெல்ற்றுக்கு எட்டத்தில் கையை வைத்து. தட்டியதும் லைட் அணைந்து 14 வந்தால் பிரஷ் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. வீடுவரை போகலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். பிரஷ் விலை குறைந்த சாமான். பெரும்பாலான ஆல்டனேற்றர்களில் ரெகுலேற்றரையும் பிரஷையும் தனியாக மாற்றலாம். கரகரவென்று சத்தம் வந்தால் பெயாரிங்.

இரவில் இறங்கும் பற்றரி

சார்ஜ் எல்லாம் ஒழுங்கு, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் எடுக்காது என்றால் ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது. திறப்பை எடுத்து, கதவுகளை மூடி, பற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் நடுவில் மீற்றரை அம்பியரில் (இந்தமுறை 10 அம்பியர் துளையில்) வையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணவோ லைட் போடவோ கூடாது. சில நிமிடம் பொறுத்துப் பார்த்தால் 0.05 அம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது இலக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்தில் இருக்கிறது பழுது. பின்னாளில் பூட்டிய அலாரம், ரேடியோ செட், ரிவேர்ஸ் கெமரா, அணையாத டிக்கி லைட் இவைதான் பெரும்பாலும். எந்தப் பியூசுக்கும் விழவில்லை என்றால் ஆல்டனேற்றரின் தடித்த வயரைச் சந்தேகியுங்கள்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு

மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் இருப்பது ஆல்டனேற்றர் அல்ல, டைனமோ. கட்டுப்பாட்டுப் பெட்டி தனியாக இருக்கும். டைனமோ ஐடிலில் சார்ஜ் தராது. நிற்கும்போது சிவப்பு லைட் மினுங்குவது அங்கே இயல்பு. அவற்றில் பலவற்றில் பொசிடிவ் முனைதான் பாடியில் பூட்டியிருக்கும். இது தெரியாமல் பற்றரியை வழக்கம்போல் பூட்டிவிடாதீர்கள். அந்தக் கார்களுக்கு மேலே சொன்ன ஆல்டனேற்றர் இலக்கங்கள் பொருந்தாது. டைனமோ தெரிந்த வயதான பாஸ் (மெக்கானிக்) ஒருவரைத் தேடிப் போவதே நல்லது.

கராஜுக்கும் பஞ்சிகாவத்தைக்கும்

அளந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: காலையில் பற்றரி எவ்வளவு, ஸ்டார்ட்டில் எவ்வளவு, ஐடிலில், சுமையில், இரண்டு வயர்ப் பக்கமும் எவ்வளவு. "கார் ஸ்டார்ட் இல்லை, பாருங்கள்" என்று சொல்பவரிடமும் "எர்த்தில் ஒரு வோல்ற் விழுகிறது பாஸ்" என்று சொல்பவரிடமும் வேலை நடக்கும் விதமே வேறு. வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று: பாஸ் சிங்களத்தில் "சார்ஜ் மதி" என்றால் சார்ஜ் போதாது என்று அர்த்தம். எத்தனை வோல்ற் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆல்டனேற்றரையே மாற்ற வேண்டி வந்தால் மருதானைக்குப் பக்கத்தில் பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் சாமான் தேடலாம். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். படம் காட்டி வாங்கினால் பிழையாகிவிடும். புல்லியில் எத்தனை வரி, பிளக்கில் எத்தனை பின், பூட்டும் காதுகளின் தூரம், மேலே ஒட்டிய தகட்டில் எத்தனை அம்பியர், நாலையும் ஒப்பிட வேண்டும். கையால் சுழற்றிப் பாருங்கள், கரகரப்பு இருக்கக் கூடாது. மேசையில் ஓட்டி அளந்து காட்டும் கடையாகப் பார்த்து, பூட்டிச் சரிவராவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். புது ஆல்டனேற்றர் போட்ட அன்று இறங்கிய பற்றரியோடு ஓட்ட வேண்டாம். காலிப் பற்றரியை நிரப்ப அது முழு மூச்சாக உழைத்துச் சூடேறும். பற்றரியைச் சார்ஜருக்கு வைத்து நிரப்பிவிட்டே பூட்டுங்கள்.

திருத்திய அன்று பின்னேரம் மறுபடி எல்லா இடத்திலும் அளந்து, புது இலக்கங்களைப் பழையவற்றுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரவு நிறுத்திவிட்டு, காலையில் திறப்புப் போடும் முன் ஒருமுறை. 12.6 காட்டினால் அன்றைக்கு வேலைக்குக் காரிலேயே போகலாம்.